வேலை கிடைத்துவிட்டது, மீதி இன்டர்வியூக்களை எப்படிச் சொல்லி நிறுத்துவது?

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து 24 வயதுப் பெண் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் தோட்டமும் வெளியே வரக்கூடாது என்று கேட்டிருப்பதால் ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விபரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

கணக்கியலில் உயர் தேசிய டிப்ளோமா முடித்து ஒன்றரை வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்தவர். அம்மா கொழுந்து பறிக்கிறார், அப்பா தோட்ட வேலையை விட்டுவிட்டு டவுனில் ஒரு கடையில் நிற்கிறார். எவ்வளவோ இடத்துக்கு விண்ணப்பம் போட்டும் பதில் வராமல் இருந்து, கடைசியில் ஒரே மாதத்தில் நான்கு இடத்திலிருந்து அழைப்பு. முதலில் போனது நுவரெலியாவில் மரக்கறி வாங்கி வெளியே அனுப்பும் ஒரு நிறுவனத்துக்கு. கணக்குப் பிரிவில் உதவியாளர், மாதம் 48,000 ரூபாய். மூன்றாம் நாளே கோல் எடுத்து, "உங்களைத்தான் எடுத்திருக்கிறோம், வரும் 1ஆம் திகதி வாங்க" என்றிருக்கிறார்கள். இவரும் சரி என்று சொல்லி, அவர்கள் கேட்டபடி மின்னஞ்சலிலும் சம்மதம் என்று அனுப்பிவிட்டார். நியமனக் கடிதம் வேலைக்கு வரும் அன்று தரப்படுமாம்.

மீதி மூன்று இருக்கிறது. ஹட்டனில் ஒரு லீசிங் கம்பெனிக் கிளை, அடுத்த கிழமை செவ்வாய் காலை 10 மணிக்கு நேர்முகப் பரீட்சை. அப்பாவின் பழைய சினேகிதர் ஒருவர் அங்கே வேலை செய்கிறார், அவர் முகாமையாளரிடம் சொல்லி வைத்ததால் வந்த அழைப்பு. கொழும்பில் ஒரு ஆடைத் தொழிற்சாலையின் தலைமைக் காரியாலயம், ஜூமில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், சம்பளம் 65,000 வரை போகலாமாம். மூன்றாவது கண்டியில் ஒரு துணிக்கடை. முதலாளி நாளெதுவும் சொல்லவில்லை, "ஒருநாள் வாங்க, பேசுவோம்" என்றவர், விண்ணப்பம் கொடுக்கப் போனபோது பார்ப்பதற்கு என்று வாங்கிய அசல் சான்றிதழ்களை இன்னும் திருப்பித் தரவில்லை.

தோழி ஒருத்தி, "அப்பாயி செத்துப்போச்சுன்னு சொல்லிரு, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றிருக்கிறாள். அண்ணன், "போகாம விடு, அவங்களே விளங்கிக்குவாங்க" என்கிறார். அப்பாவுக்குச் சினேகிதர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கவலை. இவருக்கோ, வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாவிட்டால் சட்டப்படி ஏதும் செய்வார்களா, லீசிங் கம்பெனி என்பதால் 'கிரிப்' என்கிற கடன் பதிவில் பெயரைப் போட்டுவிடுவார்களா, அடையாள அட்டை இலக்கம் வேறு கொடுத்திருக்கிறேனே என்ற பயம். சிங்களத்தில் கோல் எடுத்துச் சொல்லவும் தைரியம் வரவில்லை. கடைசியில் ஒரு வரி: "வேலை கிடைத்த சந்தோசமே இல்லாமல் போய்விட்டது சேர்."

தங்கச்சி, முதலில் அந்தச் சந்தோசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை வருடம் காத்திருந்து எடுத்த வேலை அது, மற்ற மூன்று பேருக்கும் சொல்வது ஒரு பின்னேரத்தில் முடிகிற காரியம். ஆனால் நீங்கள் பயப்படும் இடம் ஒன்று, நான் உங்களுக்காகப் பயப்படும் இடம் வேறொன்று. எப்படிச் சொல்லி நிறுத்துவது என்றுதான் உங்கள் கடிதம் முழுக்கக் கேட்கிறீர்கள், கையில் வந்ததாக நினைக்கும் வேலை உண்மையிலேயே கைக்கு வந்துவிட்டதா என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை. அதிலிருந்து தொடங்குவோம்.

முதலில் எழுத்தில் வாங்குங்கள்

இப்போது உங்களிடம் இருப்பது ஒரு தொலைபேசிப் பேச்சும் நீங்கள் அனுப்பிய ஒரு மின்னஞ்சலும். அவர்கள் தரப்பிலிருந்து எழுத்தில் ஏதாவது வந்ததா என்று கடிதத்தை இரண்டு முறை தேடினேன், காணவில்லை. வாய்ப்பேச்சாலும் ஒப்பந்தம் உண்டாகலாம், நம் நாட்டில் ஒப்பந்தம் என்றால் முத்திரை ஒட்டிய தாளாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும்கூட 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்துக்குப் பிறகு வெறும் பேச்சு இல்லை. ஆனால் நாளைக்கு அவர்கள் "நாங்கள் அப்படிச் சொல்லவில்லை, பார்க்கலாம் என்றுதான் சொன்னோம்" என்றால் எதைக் காட்டுவீர்கள்? தொழில் நியாய சபை என்பது வேலையில் இருந்து நிறுத்தப்பட்டவர் போய் நிற்கும் இடம். வேலையே தொடங்காத ஒருவர் அங்கே போய் நியாயம் கேட்பது மிகக் கஷ்டம், சிவில் வழக்கென்று போனால் சம்பளத்தைவிடச் செலவு அதிகமாகிவிடும்.

ஆகவே மற்ற மூன்று இடத்துக்கும் சொல்வதற்கு முன்னால் நுவரெலியாவுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பதவி, சம்பளம், சேரும் திகதி, தகுதிகாண் காலம் எவ்வளவு, இந்த நான்கையும் உறுதிப்படுத்தி ஒரு சிறு கடிதமோ பதில் மின்னஞ்சலோ தர முடியுமா என்று கேளுங்கள். நியமனக் கடிதம் சேரும் நாளில் தருவோம் என்று அவர்கள் சொன்னதில் பிழையில்லை. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வேலை நிபந்தனைகளை எழுத்தில் தரவேண்டும் என்று கட்டாயப்படுத்துவதும் சேரும் நாளில்தான். அதற்கு முன்னால் நீங்கள் கேட்பது உறுதிப்படுத்தல் மட்டும். நல்ல நிறுவனம் அரை மணித்தியாலத்தில் பதில் போட்டுவிடும். இழுத்தடித்தால், அல்லது பதிவுக்கட்டணம், பயிற்சிக்கட்டணம், டிபொசிட் என்று ஏதாவது பெயரில் பணம் கேட்டால், செவ்வாய்க்கிழமை ஹட்டனுக்கு பஸ் ஏறுங்கள். நான் சொல்ல வந்ததே இந்த ஒழுங்குதான்: பதில் வரும் வரைக்கும் எதையும் நிறுத்தாதீர்கள், வந்த பிறகு ஒருநாளும் தாமதிக்காதீர்கள்.

பதில் வந்ததும் அதில் ஒன்றைக் கவனியுங்கள். 48,000 என்பது முழுக்க அடிப்படைச் சம்பளமா, இல்லை 30,000 அடிப்படையும் மிச்சம் கொடுப்பனவுமா? 48,000க்கும் ஊழியர் சேமலாப நிதி கட்டினால் உங்கள் பங்கு 8 வீதம், அதாவது 3,840 ரூபாய் கழிந்து 44,160 கைக்கு வரும். நிறுவனம் தன் பையிலிருந்து 12 வீதமாக 5,760ஐயும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமாக 1,440ஐயும் கட்டவேண்டும். அடிப்படையைக் குறைத்து எழுதி அதற்கு மட்டும் சேமலாப நிதி கட்டும் இடங்கள் உண்டு, அங்கே மாதாமாதம் தெரியாது, பத்து வருடம் கழித்துக் கணக்கைப் பார்க்கும்போதுதான் தெரியும். கணக்குப் படித்த பிள்ளை, இதை நான் விளக்கவே தேவையில்லை.

வருகிறேன் என்று சொன்னது ஒப்பந்தமா?

இல்லை. நேர்முகப் பரீட்சைக்கு வருவதாகச் சொல்வது வேலை ஒப்பந்தம் ஆகாது. அவர்கள் உங்களை எடுக்கக் கடமைப்படவும் இல்லை, நீங்கள் போகக் கடமைப்படவும் இல்லை. அதற்காக வழக்குப் போட முடியாது, போட்டாலும் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

கிரிப் பயத்தை வாசித்தபோது சிரிப்பு வந்துவிட்டது, மன்னிக்க வேண்டும், ஆனால் இதே கேள்வியை வேறு பிள்ளைகளும் கேட்டிருக்கிறார்கள். கிரிப் என்று நாம் சொல்லும் கடன் தகவல் பணியகம் கடன் வாங்கியவர், அதற்குப் பிணை நின்றவர் ஆகியோரின் விபரங்களை வைத்திருக்கும் இடம். வாங்காத கடனுக்கு யாரும் உங்களை அங்கே பதிய முடியாது, லீசிங் கம்பெனியில் வேலை கேட்டதும் லீசிங் எடுத்ததும் ஒன்றல்ல. இன்டர்வியூவுக்கு வராதவர்களின் அரசாங்கப் பட்டியல் என்று ஒன்றும் இந்த நாட்டில் கிடையாது. அடையாள அட்டை இலக்கம் போனதைப் பற்றியும் இப்போது கவலை வேண்டாம், விண்ணப்பத்தில் அதைக் கேட்பது வழக்கம்தான்.

சட்டம் அவ்வளவுதான். ஆனால் சட்டத்துக்கு வெளியே ஒரு ஞாபகம் இருக்கிறது, அதை லேசாக எடுக்க வேண்டாம். ஹட்டன் பெரிய ஊரில்லை. இன்று லீசிங் கம்பெனியில் இருக்கும் மிஸ் அடுத்த வருடம் வங்கியில் இருப்பார், அதற்கடுத்த வருடம் நீங்கள் அந்த வங்கிக்கு விண்ணப்பம் போடுவீர்கள். சொல்லாமல் நின்றவர்களின் பெயர் சில முகாமையாளர்களுக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கும். இன்னொன்றும் சொல்லவேண்டும், கொஞ்சம் கசக்கும். "எஸ்டேட் பிள்ளைகள் வர்றோம்னு சொல்லிட்டு வரமாட்டாங்க" என்று முகாமையாளர்கள் பேசுவதை என் காதால் கேட்டிருக்கிறேன். கொழும்புப் பிள்ளைகள் வராமல் விட்டால் அது அந்த ஆளின் பழக்கம், நம் பிள்ளை வராவிட்டால் அது ஊரின் பழக்கமாகிவிடுகிறது. அநியாயமான பேச்சுத்தான், அதைத் திருத்துவது உங்கள் தலையில் ஏற்றவேண்டிய சுமையும் அல்ல. ஆனாலும் அண்ணன் சொல்வதுபோல் பேசாமல் விட்டால் அவர்கள் "விளங்கிக்கொள்வது" அநேகமாக இதைத்தான்.

அப்பாயி உயிரோடு இருக்கட்டும்

தோழியின் யோசனையில் பாவ புண்ணியம் பார்ப்பதற்கு முன்னால் அது வேலைக்கே ஆகாது என்பதைப் பாருங்கள். மரணவீடு என்றால் அவர்கள் அனுதாபம் சொல்லிவிட்டு, "பரவாயில்லை, எட்டுச் செலவெல்லாம் முடியட்டும், அடுத்த வெள்ளிக்கு வைப்போம்" என்பார்கள். காய்ச்சல் என்றாலும் அதேதான். ரோட்டில் மண்சரிவு என்றால் அந்த முகாமையாளர் அன்று காலை அதே ரோட்டால்தான் வந்திருப்பார். பொய் உங்களுக்கு இன்னொரு திகதியைத்தான் வாங்கித்தரும், நீங்களோ திகதியே வேண்டாம் என்று கேட்கிறீர்கள். அதோடு, சொல்லி வைத்த மாமா அங்கேயே வேலை செய்கிறார், பின்னேரம் அப்பாயிக்கு மாலையோடு வந்து நின்றால் என்ன செய்வீர்கள்?

"வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டது" என்பது எல்லா நிறுவனமும் மாதாமாதம் கேட்கும் வசனம். அதில் யாரும் கோபப்படுவதில்லை.

சொல்லி வைத்த மாமாவுக்கு முதலில்

அப்பாவின் கவலையில் நியாயம் இருக்கிறது, மூன்றில் இதுதான் கவனமாகக் கையாள வேண்டியது. முகாமையாளருக்கு மின்னஞ்சல் போவதற்கு முன்னால் மாமாவுக்கு விஷயம் போகவேண்டும். அவர் தன் சொல்லைச் செலவழித்து உங்களை உள்ளே அனுப்பியவர், முகாமையாளர் கூப்பிட்டு "உங்க ஆள் வரலையாமே" என்று கேட்டு அவர் அப்போதுதான் முழித்தால், அதைத்தான் மறக்கமாட்டார். நீங்கள் வராமல் விட்டதையே மறந்தாலும் அதை மறக்கமாட்டார்.

இதை அப்பாவிடம் விட்டுவிடாதீர்கள். அப்பா போய் நின்றால் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஆகிவிடும், இரண்டு பேருக்கும் சங்கடம். நீங்களே எடுங்கள். "மாமா, நீங்க சொன்னதாலதான் அந்த அழைப்பே வந்துச்சு. அதுக்குள்ள நுவரெலியாவுல கெடைச்சிருச்சு, சரின்னும் சொல்லிட்டேன். ஒங்களுக்குச் சொல்லாம மெனேஜருக்குச் சொல்லக்கூடாதுன்னுதான் மொதல்ல எடுக்கிறேன்." இவ்வளவு போதும். உதவி கேட்டுப் போனவர்கள் காரியம் முடிந்ததும் காணாமல் போவதைப் பார்த்துப் பழகிய மனுசர்கள் அவர்கள், எடுத்துச் சொன்னதற்கே சந்தோசப்படுவார்.

ஒருவேளை அவர், "சும்மா ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிட்டுப் போ, எனக்காக" என்று சொல்லலாம். மரியாதைக்கு என்று போய்விடாதீர்கள். போய், அவர்கள் உங்களையே தெரிவுசெய்து, அதற்குப் பிறகு வேண்டாம் என்றால் இப்போது இருப்பதைவிட இரண்டு மடங்கு சங்கடம், அதுவும் அவருக்கு. இதை அவரிடமே சொல்லலாம், விளங்கிக்கொள்வார். நண்பி யாராவது அதே படிப்பு முடித்து வேலையில்லாமல் இருந்தால் அவள் பெயரைக் கொடுக்கலாமா என்று கேளுங்கள், அவருக்கும் முகாமையாளர் முன்னால் வெறுங்கையோடு நிற்கவேண்டி வராது.

எப்போது, எப்படி, என்ன எழுதுவது

நாளைப் பாருங்கள். உங்கள் செவ்வாய்க்கு முதல்நாள் திங்கள் போயா விடுமுறை, அதற்கு முன்னால் சனி ஞாயிறு. ஆகவே ஒருநாள் முன்னதாகச் சொல்வது என்றால் அது வெள்ளிக்கிழமை காலைதான், திங்கள் இரவு அனுப்பினால் செவ்வாய் காலை உங்களுக்காக நாற்காலி போட்ட பிறகுதான் பார்ப்பார்கள். வெள்ளி காலை அனுப்பினால் அந்த 10 மணியை வேறொரு பிள்ளைக்குக் கொடுக்க நேரமிருக்கும். ஒன்றரை வருடம் அழைப்புக்காகப் போனையே பார்த்துக்கொண்டிருந்தவர் நீங்கள், அந்தப் பிள்ளை யாரென்று தெரியாவிட்டாலும் நிலைமை தெரியும்.

அழைப்பு எந்த வழியாக வந்ததோ அந்த வழியாகவே பதில் போகட்டும். ஹட்டனுக்கு இப்படி எழுதலாம், ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ போட்டாலும் சாரம் இதுவாக இருக்கட்டும்:

"மதிப்புக்குரிய மிஸ், கணக்கு உதவியாளர் பதவிக்காக வரும் செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கு உங்கள் ஹட்டன் கிளையில் எனக்கு நேர்முகப் பரீட்சை ஒதுக்கியிருந்தீர்கள். வேறொரு நிறுவனத்தில் எனக்கு வேலை உறுதியாகிவிட்டதால் அதற்கு வரமாட்டேன் என்பதை அறியத்தருகிறேன். அந்த நேரத்தை வேறொருவருக்கு வழங்க வசதியாக இப்போதே தெரிவிக்கிறேன். என்னை அழைத்தமைக்கு நன்றி."

கீழே முழுப்பெயரும் தொலைபேசி இலக்கமும். தலைப்பில் பதவியும் திகதியும், அவர்கள் நாளொன்றுக்கு ஐம்பது மின்னஞ்சல் பார்ப்பவர்கள். எங்கே வேலை, எவ்வளவு சம்பளம், ஏன் அதைத் தெரிவுசெய்தீர்கள் என்றெல்லாம் எழுதத் தேவையில்லை. மன்னிப்பை ஐந்து தடவை எழுதவும் வேண்டாம், நீங்கள் குற்றம் எதுவும் செய்யவில்லை. "இப்போதைக்கு", "முயற்சிக்கிறேன்" மாதிரியான சொற்கள் மட்டும் வந்துவிடக் கூடாது, அதை வாசிப்பவர் கதவு திறந்திருக்கிறது என்று நினைத்து இன்னொரு திகதி கொடுப்பார்.

தோட்டத்தில் சிக்னல் கிடைக்க ரோட்டு வளைவு வரைக்கும் ஏறவேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அதனாலேயே மின்னஞ்சல் நல்லது, பாதியில் கட் ஆகாது. பதில் வராவிட்டால் வெள்ளி பின்னேரம் மேலே ஏறி ஒரு கோல் எடுத்து, கிடைத்ததா என்று கேட்டுவிடுங்கள். சிங்களப் பயத்துக்கு இரண்டு வரி எழுதித் தருகிறேன், தாளில் வைத்து வாசித்தாலே போதும்: "மிஸ், மட்ட வென தெனக்க ஜொப் எக்கக் ஹம்பவுனா. ஏ நிசா இன்டவிவ் எக்கட்ட என்ன வென்னே நே, சமாவென்ன." இலக்கணம் பார்த்து யாரும் மார்க்ஸ் போடப்போவதில்லை. அந்தப் பக்கத்திலிருந்து "எங்கே? எவ்வளவு தருகிறார்கள்?" என்று கேட்டால், "நுவரெலியாவில் ஒரு இடம் மிஸ்" என்பதோடு நிறுத்துங்கள். "நாங்கள் அதைவிடக் கூடத் தருகிறோம், வாங்க" என்று சொன்னால் ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் இன்டர்வியூ வைக்காமலே கூட்டித்தரும் சம்பளம் தொலைபேசியோடு முடிந்துபோகும் சம்பளம்.

கொழும்பு 65,000

இதை நீங்கள் பட்டும் படாமலும் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் மனம் அங்கேயும் கொஞ்சம் நிற்பது தெரிகிறது. அப்படியிருந்தால் அதை ஒளிக்கத் தேவையில்லை. நுவரெலியாவுக்குச் சரி சொன்ன பிறகு இன்னொரு இடத்தில் பேசிப்பார்ப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. சம்மதித்துவிட்டு வேலைக்கே போகாவிட்டால் ஏட்டளவில் அது ஒப்பந்தத்தை மீறியதுதான், நட்டஈடு கேட்கலாம். உதவியாளர் பதவி ஒன்றுக்காக அப்படி நீதிமன்றம் ஏறிய நிறுவனத்தை நான் பார்த்ததில்லை. ஆகவே இது வழக்குப் பயத்தில் எடுக்கிற முடிவாக இருக்க வேண்டாம்.

கணக்கைப் போடுங்கள். 65,000 "வரை போகலாம்" என்பது இன்னும் சம்பளம் இல்லை, தொடக்கம் 55,000மாகவும் இருக்கலாம். தெஹிவளையில் தோழி போடிங்குக்கு மட்டும் 14,000 கொடுக்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதற்கு மேல் மூன்று வேளைச் சாப்பாடு, பஸ், மாதம் ஒருதரம் வீட்டுக்கு வந்துபோவது. தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்கு வீட்டுச் சாப்பாட்டோடு போய்வருகிற 48,000த்தில் கையில் மிஞ்சுவது அதைவிடக் குறையாது. ஆனால் பணம் மட்டும் இல்லை. கொழும்பில் பெரிய நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இரண்டு வருடம் இருந்தால் அடுத்த வேலைக்கு வேறு கதவுகள் திறக்கும், கணக்காளர் பரீட்சை வகுப்புகளும் பக்கத்திலேயே. தோட்டத்தை விட்டு வெளியே போய் நிற்கவேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருந்தால் அதற்கும் ஒரு விலை போடலாம், தப்பில்லை.

என் அபிப்பிராயம் கேட்டதால் சொல்கிறேன்: நுவரெலியா எழுத்தில் உறுதியானதும் கொழும்புக்கும் நிறுத்திவிடுங்கள். முதல் வேலை இது, வீட்டிலிருந்து போய்வந்து ஒன்றிரண்டு வருட அனுபவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொழும்புக்கு விண்ணப்பம் போட்டால் அப்போது 65,000 தொடக்கச் சம்பளமாகக்கூட இருக்கலாம். மனம் கேட்கவில்லை, கொழும்புதான் வேண்டும் என்றால், அந்த ஜூம் இன்டர்வியூவை 1ஆம் திகதிக்கு முன்னால் வைக்கக் கேளுங்கள், முடிவையும் அதற்கு முன்னால் எடுங்கள். நுவரெலியாவில் சேர்ந்து பத்தாம் நாள் விட்டுப்போவதுதான் எல்லாவற்றிலும் மோசம், அவர்கள் மற்றவர்களையெல்லாம் வேண்டாம் என்று அனுப்பியிருப்பார்கள்.

இன்னொரு விஷயமும் கணக்கில் இருக்கட்டும், எந்த இடத்தில் சேர்ந்தாலும் முதல் ஆறு மாதம் உங்கள் நிலை கொஞ்சம் மெலிந்ததுதான். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் நிறுவனம் நினைத்தபடி ஆளை நிறுத்த முடியாமல் தடுக்கிறது, ஆனால் அந்தப் பாதுகாப்பு கடந்த 12 மாதத்தில் குறைந்தது 180 நாளாவது வேலை செய்தவருக்கு, அதுவும் 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில். நுவரெலியாவில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று போன அன்று கண்ணால் பார்த்திருப்பீர்கள்.

கண்டி முதலாளியும் அசல் சான்றிதழும்

இவருக்கு மின்னஞ்சலும் வேண்டாம், கோலும் வேண்டாம். அப்பாவையோ அண்ணனையோ கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். கடையில் கூட்டமில்லாத நேரமாக, காலையிலேயே. "முதலாளி, வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டது, சேரும் அன்று அசலைக் காட்டவேண்டும், வாங்கிக்கொண்டு போக வந்தோம்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். சேரும் நாளில் அசலைப் பார்ப்பது எங்கும் உள்ள நடைமுறை, அதில் பொய்யும் இல்லை. கையில் வாங்கியதும் கடையிலேயே நின்று ஒவ்வொன்றாக எண்ணுங்கள்: பிறப்புச் சான்றிதழ், சாதாரண தரம், உயர்தரம், டிப்ளோமா.

அந்தச் சான்றிதழ்கள் உங்கள் சொத்து. அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ள அவருக்கு எந்த உரிமையும் இல்லை, வேலைக்குச் சேர்ந்திருந்தால்கூட இல்லை. "அப்புறம் வாங்க, அலுமாரிச் சாவி இல்லை" என்று இழுத்தால் ஒரு வாரத் தவணை கொடுத்து, திருப்பிக் கேட்டு ஒரு கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டு, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசையாவிட்டால் கண்டிப் பொலிஸில் முறைப்பாடு. அவ்வளவு தூரம் அநேகமாகப் போகாது, பதிவுத் தபால் கண்டதும் சாவி கிடைத்துவிடும். அதற்கிடையில் 1ஆம் திகதி வந்துவிட்டால் நுவரெலியாவில் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள், சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களத்திலும் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியைப் பிரதேச செயலகத்திலும் மறுபடி எடுக்கலாம். இனி யாருக்கும் அசலைக் காட்டுங்கள், விட்டுவிட்டு வராதீர்கள்.

அப்பா கேட்ட அரசாங்க வேலை

கடைசியாக, நீங்கள் எழுதிய அரச போட்டிப் பரீட்சையின் அழைப்பு இனி வந்தால், தனியார் வேலையில் இருப்பதால் போக முடியாதோ என்று அப்பா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். இது மற்ற மூன்றையும் போல நிறுத்தவேண்டிய அழைப்பு இல்லை. அரச நேர்முகப் பரீட்சையைப் பெரும்பாலும் ஒரே தொகுதியாக வைத்து முடித்துவிடுவார்கள், நமக்கு வசதியான நாளுக்கு மாற்றித்தர மாட்டார்கள், தவறவிட்டால் அடுத்த சுற்று எப்போது என்று யாருக்கும் தெரியாது. கிடைத்தால் அன்றைக்கு, நுவரெலியா நியமனக் கடிதத்தில் உள்ளபடி முன்னறிவித்தல் கொடுத்துவிட்டு விலகலாம், தகுதிகாண் காலத்துக்குள் என்றால் அது இன்னும் குறுகியதாகவே இருக்கும். அழைப்பு வருவதற்கு முன்னால் இதையெல்லாம் காரியாலயத்தில் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை. முதல் வருடத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருநாள் வீதம் கெஷுவல் லீவு உங்களுக்குச் சட்டப்படி உண்டு, அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் வாருங்கள்.